செட்டிநாட்டுத் தொழிற்கூடங்களில் எல்லாருக்கும் சம இடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீடுகளில் நடக்கும் ஹோட்டல்கள், ஆத்தங்குடிக் கல் (வண்ணத் தரைக்கல்) பட்டறைகள், பலகாரக் கூடங்கள், புதுவயல் அரிசி ஆலைகள், காரைக்குடி, தேவகோட்டை ஜவுளிக் கடைகள் ஆகியவற்றை நடத்துபவர்களும், அங்கே ஆள் கணக்குப் பார்ப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

எங்களிடம் இருப்பதே பன்னிரண்டு பேர். இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம் இல்லையா?

இல்லை. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் சில கடமைகள் உண்டு. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி கொடுக்கக் கூடாது. சாதி பார்த்துத் தனிக் குவளை, தனி இடம் வைக்கக் கூடாது. திருநங்கை, திருநம்பி என்பதற்காக வேலை மறுக்கக் கூடாது. இவற்றுக்கு ஆள் எண்ணிக்கை வரம்பே கிடையாது.

பத்துப் பேரைத் தொட்டால் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு, இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), மகப்பேறு விடுப்பு மூன்றும் வந்துவிடும். இருபதைத் தொட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையை விரிவாக எழுதி வைத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்க வேண்டும். ஐம்பதில் குழந்தைக் காப்பகம்.

பலர் சறுக்குவது எண்ணும் இடத்தில்தான். சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களை மட்டும் எண்ணிவிட்டு "எட்டுப் பேர்தான்" என்கிறார்கள். உள்ளகக் குழுவுக்கான கணக்கில் தினக்கூலி, ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த ஆட்கள், பயிற்சிக்கு வந்தவர்கள், சம்பளமில்லாமல் தொழில் பழகுபவர்கள் எல்லாரும் சேர்வார்கள். தீபாவளிக்கு முன் எட்டுப் பேர் பதினைந்தாகும் பலகாரக் கூடம் அந்தப் பதினைந்தை மனத்தில் வைத்து ஏற்பாடு செய்துகொள்வதே நல்லது. கூட்டமும் இரவு வேலையும் அப்போதுதான் அதிகம். புகாருக்கு வாய்ப்பும் அப்போதுதான்.

எங்கே தொடங்குவது? பயிற்சி வகுப்பு வைக்கலாமா?

வகுப்பு பிறகு. முதலில் சம்பளப் புத்தகத்தை எடுங்கள். ஒரு தாளில் ஆறு பத்தி போடுங்கள்: பெயர், என்ன வேலை, சேர்ந்த மாதம், தினக்கூலி அல்லது சம்பளம், போன மூன்று மாதத்தில் கிடைத்த ஓவர்டைம், யார் மூலம் வந்தார். பக்கத்தில் ஆண்/பெண், உள்ளூர்/வெளிமாநிலம் என்று குறியுங்கள். சாதியைக் கேட்டு எழுத வேண்டாம். அந்தப் பத்தி எப்படியும் ஒருநாள் தவறான கைக்குப் போய்விடும்.

தாள் நிரம்பியதும் கோளாறு தானே தெரியும். நல்ல ஓவர்டைம் எல்லாம் ஒரே மேஸ்திரியின் ஊர்க்காரர்களுக்குப் போயிருக்கும். பத்து வருடமாகத் தேன்குழல் பிழியும் பெண்ணின் கூலி போன வருடம் சேர்ந்த பையனின் கூலியைவிடக் குறைவாக இருக்கும். பாத்திரம் கழுவும் இடத்தில் இருப்பவர் யாரும் ஒருநாளும் பரிமாறும் வேலைக்கு ஏறியிருக்கமாட்டார்.

அடுத்து மூன்று இடங்களுக்கு நடந்து போய்ப் பாருங்கள்: ஆட்கள் சாப்பிடும் இடம், தண்ணீர் குடிக்கும் இடம், கழிவறை. மத்தியானம் ஒன்றரை மணிக்குப் போனால் யார் யாரோடு உட்கார்கிறார், யார் தனியே சுவரோரம் உட்கார்கிறார் என்பது கண்ணுக்கே தெரியும். பெண்களுக்கான கழிவறை கொல்லைப்புறக் கடைசியில், உள்தாழ்ப்பாள் இல்லாமல், விளக்கு இல்லாமல் இருந்தால், அங்கே வேலை செய்யும் பெண்கள் காலை முதல் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று பொருள். தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர், மூடியுள்ள குப்பைக்கூடை நான்கையும் வைத்துவிட்டுப் பிறகு கொள்கை எழுத உட்காருங்கள்.

"ஆண் ஆள் கூலி, பெண் ஆள் கூலி" என்பது இந்தப் பக்கம் காலங்காலமாக இருப்பதுதானே?

இருக்கிறது, சட்டப்படி செல்லாது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் இதைத் தடுத்தது. இப்போது அந்த இடத்தில் உள்ள 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் தடுக்கிறது. "ஒரே வேலை" மட்டுமல்ல, "ஒத்த தன்மையுள்ள வேலை"யும் இதில் அடங்கும். ஒத்த தன்மையை எப்படி அளப்பது? திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகிய நான்கையும் எடைபோட வேண்டும். வேலை செய்யும் சூழலும் ஒத்திருக்க வேண்டும்.

பலகாரக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். எண்ணெய்ச் சட்டிக்கு முன் நிற்கும் மாஸ்டர் ஆண்; மாவு பதம் பார்த்துத் தேன்குழல் பிழிபவர் பெண். "அவர் சூட்டில் நிற்கிறார், அதனால் அதிகம்" என்பது வழக்கமான பதில். சூடு ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பிழிபவரும் அதே அடுப்படியில், அதே வெக்கையில்தான் நிற்கிறார். மாவில் ஈரம் கூடினால் தேன்குழல் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் பிழியும்போதே ஒடியும். அந்தப் பதம் தவறினால் நட்டம் முழுச் சட்டிக்கும்தான். ஆக, திறமையும் பொறுப்பும் சமமாகவோ கூடுதலாகவோ வரும். நான்கு அளவுக்கும் ஐந்துக்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள். பெயரை மறைத்துவிட்டு, வேலையை மட்டும் எழுதி, இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். கூட்டுத்தொகை நெருங்கி வந்தால் கூலியும் நெருங்கி வந்தாக வேண்டும்.

சரிசெய்யும்போது நடக்கும் பெரிய தவறு, ஆண்களின் கூலியைக் குறைத்துச் சமப்படுத்துவது. சட்டம் அதை அனுமதிப்பதில்லை. குறைவாக இருப்பதைத்தான் ஏற்ற வேண்டும். உதாரணத்துக்கு 700க்கும் 500க்கும் இடைவெளி இருந்தால் "மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறோம்" என்று சொல்பவர்கள் உண்டு. வேறுபாடு தெரிந்த பிறகு தவணை வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. பணம் புரட்டுவது சிரமம் என்றால் இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டுமா? பேசினால்தானே பிரச்சினை?

பேசாமல் இருக்கும் கூடங்களில் அது வேறு வேடத்தில் இருக்கிறது. சாதி என்ற சொல்லே எழாமல் சாதி நடப்பதற்குச் சில வழிகள் உண்டு. நேர்காணலில் "எந்த ஊரு, ஊருல எந்தத் தெரு?" என்று கேட்பது. சமையலறைக்குள் குறிப்பிட்ட சிலர் மட்டும். சில்வர் டம்ளர் சிலருக்கு, காகிதக் குவளை சிலருக்கு. காரணம் கேட்டால் "சுத்தம்" என்பார்கள். துப்புரவு, கழிவறை, செத்த எலியை அப்புறப்படுத்துவது எல்லாம் எப்போதும் ஒருவருக்கே வருவது. விசேஷச் சாப்பாட்டில் சிலருக்குக் கடைசிப் பந்தி.

இரட்டைக் குவளை இந்தக் காலத்திலும் இருக்கிறதா என்று கேட்பவர்கள் தங்கள் கூடத்தின் டம்ளர் அடுக்கை ஒருமுறை நின்று பார்க்கலாம். தீண்டாமையை 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தண்டிக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளரைப் பிறர் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். "கோபத்துல சொல்லிட்டான்" என்பது அங்கே எடுபடாது.

செய்ய வேண்டியவை எளியவை. எல்லாருக்கும் ஒரே வகை டம்ளர், ஒரே அடுக்கில், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி. காகிதக் குவளை என்றால் முதலாளிக்கும் காகிதக் குவளை. துப்புரவு வேலை தனிப் பதவியாக இருந்தால் அதற்கு உரிய சம்பளம், கையுறை, காலணி. இல்லாவிட்டால் பெயர்ப் பட்டியல் போட்டுச் சுழற்சி. அந்தப் பட்டியலில் சூப்பர்வைசர் பெயரும் இருக்க வேண்டும். சமையலறைக்குள் யார் போகலாம் என்பதை முடிவு செய்வது தலைமூடி, கைகழுவல், உடல்நலச் சான்று ஆகியவை மட்டும். அதை எழுதி வாசலில் ஒட்டுங்கள். எழுதிய விதி இருந்தால் எழுதாத விதிக்கு வேலை குறையும்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது தனிக் குற்றம். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. "அவனே சம்மதிச்சுத்தான் இறங்கினான்" என்பது உங்களைக் காப்பாற்றாது. லாரியை வரவழையுங்கள்.

கூப்பிடும் முறையும் இதில் அடங்கும். முதலாளி வீட்டுப் பத்து வயதுப் பையன் அறுபது வயதுச் சமையல்காரரைப் பெயர் சொல்லி "வா, போ" என்று கூப்பிடுவது இங்கே பல வீடுகளில் யாருக்கும் உறுத்துவதில்லை. வேலையிடத்தில் எல்லாருக்கும் "வாங்க, போங்க", மூத்தவர்களுக்கு அண்ணே, அக்கா என்று ஒரே விதி வையுங்கள். முதல் மாதம் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும். இதை வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்லாவிட்டால் விதி முதல் வாரமே செத்துவிடும்.

தெரிந்தவர் மூலம் ஆள் எடுத்தால்தானே நம்பிக்கை?

நம்பிக்கை கிடைக்கும், கூடவே ஒரே ஊர், ஒரே சொந்தம் கொண்ட கூட்டமும் கிடைக்கும். அதில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் ஆறு பேர் போவார்கள். ஊர்த் திருவிழாவில் கூடமே காலியாகும். தெரிந்தவர் வழியை மூட வேண்டாம். இன்னும் இரண்டு வழிகளைத் திறந்து வையுங்கள். காரைக்குடி ஐடிஐ, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம், சிவகங்கையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்புகள் இருக்கின்றன.

விளம்பரத்தில் "20–25 வயதுப் பெண்கள் தேவை", "நம்ம ஆட்களுக்கு முன்னுரிமை" என்று போடாதீர்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ தூக்க வேண்டும், என்ன சம்பளம் என்று போடுங்கள். நேர்காணலில் பேச்சைக் குறைத்து வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்: அரை நாள், கூலி கொடுத்து, எல்லாருக்கும் ஒரே வேலை. பேசத் தெரிந்தவர் தேறி, வேலை தெரிந்தவர் தோற்பது இதில் குறையும். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்ற கேள்விகள் பெண்களிடம் மட்டும் கேட்கப்படுகின்றன. யாரிடமும் வேண்டாம்.

வடமாநிலத் தொழிலாளர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது? மொழியே புரியவில்லை.

முதல் தப்பு, வடக்கே இருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் இந்தி தாய்மொழி என்று நினைப்பது. ஒடியா, வங்காளம், அசாமி, சந்தாலி பேசுபவர்கள் இந்தியைச் சமாளிப்பார்கள், அவ்வளவுதான். சேரும்போதே எந்த மொழி பேசவும் வாசிக்கவும் தெரியும் என்று தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு எந்த மொழியில் அறிவிப்பு ஒட்டினாலும் ஒன்றுதான்.

பாதுகாப்பு விஷயங்களுக்குப் படம் போடுங்கள். ஆலையில் பெல்ட் ஓடும் இடத்தில் கை வைக்காதே என்பதற்குச் சிவப்புக் கோடு போட்ட கைப் படம் போதும். சொல்லிக்கொடுத்த பிறகு "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், தலையாட்டுவார்கள். செய்துகாட்டச் சொல்லுங்கள். இருபது தமிழ்ச் சொற்களை அவர்களுக்கும், அதே இருபதை அவர்கள் மொழியில் உங்கள் மேஸ்திரிக்கும் கற்றுக்கொடுங்கள்: நிறுத்து, சூடு, மெதுவாக, கரண்ட், வலிக்கிறது, போதும் போன்றவை. ஒருபக்கம் மட்டும் கற்றுக்கொள்வது வேலைக்காரத்தனமாக முடிகிறது.

கூலியை ஒப்பந்தக்காரர் கையில் மொத்தமாகக் கொடுப்பது அடுத்த தப்பு. அவர் எவ்வளவு பிடித்தார் என்பது உங்களுக்குத் தெரியாது, பழி மட்டும் உங்களுக்கு வரும். அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். ஒப்பந்தக்காரருக்கு உரிய கமிஷனைத் தனி ரசீதில் கொடுங்கள். ஆதார் அட்டையை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது சிலர் "பாதுகாப்புக்காக" செய்வது. நகல் எடுத்துக்கொண்டு அசலை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஓடிவிடுவார்கள் என்று பயமிருந்தால், ஏன் ஓடுவார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அவர்கள் ஊர் அட்டையை வைத்து இங்குள்ள கடையில் அரிசி, கோதுமை வாங்கலாம், கைரேகை பதியும். பலருக்கு இது தெரியாது, ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை ஊர் போய்வரும் செலவும் உங்கள் கணக்கில் வரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இது உள்ளது.

சாப்பாடு? மூன்று வேளையும் இட்லி சாம்பார் போட்டுவிட்டு "சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று வருத்தப்படுவதைவிட, அடுப்பும் அரிசி பருப்பும் கொடுத்து அவர்களையே சமைக்க விடுவது சுலபம்.

திருவிழா விடுமுறையை எப்படிப் பங்கிடுவது?

தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான 1958ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டம் ஒன்பது நாள் சொல்கிறது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள். அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு மாற்று விடுமுறை.

அந்த ஐந்து நாளும் பெரும்பாலும் ஒரே மதத்தவரின் பண்டிகைகளாகப் போய்விடுகின்றன. மூன்றைப் பொதுவாக வைத்து, இரண்டை அவரவர் தேர்வுக்கு விடுவது நன்றாக நடக்கிறது. பட்டியல் முடிவாகும் முன் ஆட்களைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். ரம்ஜான், கிறிஸ்துமஸ், சத் பூஜை, குலதெய்வக் கோயில் மகா சிவராத்திரி எது வேண்டுமானாலும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு ஒரு நாள் போதாது, ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். அதை வருட விடுப்பில் ஈடுசெய்யச் சொல்லி, டிசம்பரிலேயே பெயர் வாங்கிவிடுங்கள். அவர்களுக்குப் பதிலாக வேலை பார்த்தவர்களுக்கு அவர்கள் பண்டிகையில் அதே சலுகை கிடைக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சுவரில் எழுதிப் போட்டால் சண்டை வராது. வாய்க்கணக்கில் வைத்தால் வரும்.

நோன்பு மாதத்தில் கனமான தூக்கு வேலையைக் காலைக்கு மாற்றிக் கொடுக்கலாம். கந்த சஷ்டி விரதம் இருப்பவருக்கும் அப்படியே.

உள்ளகக் குழுவை எப்படி அமைப்பது? எங்களிடம் மூத்த பெண் ஊழியரே இல்லையே?

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி குறைந்தது நான்கு பேர் வேண்டும்: தலைவராக மூத்த பெண் ஊழியர், ஊழியர்களில் இருவர், வெளியிலிருந்து ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. மூத்த பெண் ஊழியர் இல்லையென்றால் உங்களுடைய வேறு கிளையிலிருந்து ஒருவரைத் தலைவராக்கலாம். முதலாளியின் மனைவியையோ அக்காவையோ உட்கார வைப்பதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. அவர் அங்கே ஊழியரே இல்லையென்றால் குழு செல்லாது. ஊழியராகவே இருந்தாலும் முதலாளி குடும்பத்தாரிடம் போய் யார் வாய் திறப்பார்?

வெளி உறுப்பினருக்குக் காரைக்குடி, தேவகோட்டை நீதிமன்றங்களில் தொழிலாளர் சட்டமோ குற்றவியலோ தெரிந்த வழக்கறிஞர், பெண்கள் அமைப்பில் வேலை செய்தவர், சமூகப்பணி கற்பிக்கும் ஆசிரியர் பொருந்துவார்கள். விதிப்படி நாளொன்றுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும். அந்தத் தொகைக்கு யாரும் அரைநாள் ஒதுக்கமாட்டார்கள், கூட்டிக் கொடுங்கள்.

கால வரிசையை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார்; தக்க காரணமிருந்தால் இன்னொரு மூன்று மாதம். எழுதத் தெரியாதவருக்குக் குழு எழுதித்தர உதவ வேண்டும். ஏழு வேலைநாளில் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். பத்து வேலைநாளில் அவர் பதில். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், அதிலிருந்து பத்து நாளில் அறிக்கை, அது கிடைத்த 60 நாளில் நீங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்தவர் எழுதிக் கேட்டால் இருவரில் ஒருவரை இடம்மாற்றலாம், புகார் கொடுத்தவருக்கு மூன்று மாதம் வரை விடுப்பும் தரலாம்.

ஊர்ப் பெரியவர்களை வைத்து "பேசித் தீர்ப்பது" பெரிய ஆபத்து. சமரசம் வேண்டும் என்று புகார் கொடுத்தவர் தாமாகக் கேட்டால் மட்டுமே, குழுவின் வழியே செய்யலாம். அதிலும் பணம் கைமாறக் கூடாது. இன்னொன்று: புகாரை நிரூபிக்க முடியவில்லை என்றால் அது பொய்ப் புகார் என்று ஆகிவிடாது. பழைய வீட்டு ஹோட்டல்களில் துன்புறுத்துபவர் தங்க வந்த விருந்தினராக இருப்பதும் உண்டு. "கஸ்டமர், விடுங்க" என்று சொல்ல முடியாது. அறைக்குத் தனியாகப் போகும் பெண் ஊழியருக்கு, கதவைத் திறந்து வைத்தே வேலை செய்யலாம், வேண்டாம் என்று தோன்றினால் உடனே வெளியே வந்துவிடலாம், அதற்காக யாரும் திட்டமாட்டார்கள் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துக்குக் குறைவாக ஆட்கள் உள்ள இடத்தில் வேலை செய்பவரும், முதலாளியின் மீதே புகார் உள்ளவரும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் புகார் பதியலாம்.

எங்கள் ஹோட்டல் நூற்றாண்டு பழைய வீடு. சக்கர நாற்காலிக்கு எப்படி வழி செய்வது? வீட்டை இடிக்க முடியாதே.

இடிக்க வேண்டியதில்லை. தடைகள் மூன்று: திண்ணைப் படி, நிலைப்படி, கழிவறை.

சாய்தளத்தின் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. மூன்று படி, படிக்கு 15 செ.மீ. என்றால் 45 செ.மீ. உயரம், அதற்கு 5.4 மீட்டர் நீளம். முகப்பில் இடமில்லாவிட்டால் பக்கவாட்டுக் கதவு வழியே வையுங்கள். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால், பின்வாசல் பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கும். ஆனால் அது வேலைக்காரர் வாசல் போலக் குப்பைக்கூடைகளுக்கு நடுவே இருக்கக் கூடாது. அகலம் 1.2 மீட்டர், இருபுறமும் 70, 90 செ.மீ. உயரங்களில் கைப்பிடி. மரத்தில் செய்து கழற்றி மாட்டும்படி வைத்தால் பழைய கல்லுக்குச் சேதமில்லை. "வந்தால் நாலு பேர் தூக்கிவிடுவோம்" என்பது உதவி இல்லை, அவமானம். தினமும் வேலைக்கு வருபவரை யார் தினமும் தூக்குவது?

நிலைப்படி 10 செ.மீ. இருந்தால் இரண்டு பக்கமும் 1.2 மீட்டர் ஆப்புப் பலகை. கதவு 90 செ.மீ. திறக்க வேண்டும். இரட்டைக் கதவில் ஒன்றைத் தாழிட்டு ஒன்றை மட்டும் திறக்கும் பழக்கத்தை நிறுத்தினாலே பல அறைகள் சரியாகிவிடும். கழிவறைக்குள் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும். வளவு (நடு முற்றம்) ஓரத்தில் உள்ள அறை ஒன்றை அதற்கு விட்டுக்கொடுப்பதுதான் வழி. தேய்ந்து வழவழப்பான ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் வழுக்கும். ஊன்றுகோல் வைத்திருப்பவர் நடக்கும் பாதையைத் துடைத்தவுடன் உலர்த்துங்கள்.

கல் பட்டறையில் காதுகேளாதவர் நன்றாக வேலை செய்ய முடியும். கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணக் கலவை ஊற்றுவது கையும் கண்ணும் சார்ந்த வேலை. ஐந்தாறு சைகைகளை மொத்தப் பட்டறையும் கற்றுக்கொண்டால் போதும். அபாயத்துக்கு மணியோடு மின்னும் விளக்கும் வையுங்கள். கால் ஊனமுள்ளவருக்கு மேசையை உயர்த்தி, அடியில் 70 செ.மீ. இடம் விட்டு, உட்கார்ந்தபடி ஊற்றச் செய்யலாம். தண்ணீர்த் தொட்டியில் கல் அடுக்குவதை வேறொருவருக்குக் கொடுங்கள். வண்ணப் பாத்திரங்களில் எண் எழுதி வையுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், அவர்கள் அதை வெளியே சொல்வதும் இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் பல கண்ணுக்குத் தெரியாதவை. ஆகவே "ஊனம் உண்டா?" என்று கேட்காமல், "வேலை செய்ய என்ன ஏற்பாடு வேண்டும்?" என்று எல்லாரிடமும் கேளுங்கள். இஎஸ்ஐ சேர்க்கைக்கான சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய். கணக்காளர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

திருநங்கை ஒருவரை வேலைக்கு எடுத்தோம். கழிவறை, பெயர், வாடிக்கையாளர் எல்லாவற்றிலும் குழப்பம்.

பெயர்: அவர் சொல்லும் பெயர்தான் பேட்ஜில், வருகைப் பதிவில், பேச்சில். வங்கி, பிஎஃப் ஆவணங்களில் பழைய பெயர் இருந்தால் அது கணக்காளரோடு நிற்கட்டும். சம்பள நாளில் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டால் மற்ற ஏற்பாடுகள் வீண். கழிவறை: அவர் எதைப் பயன்படுத்த விரும்புகிறார் என்று தனியாகக் கேளுங்கள். இடமிருந்தால் தாழ்ப்பாள் உள்ள ஒற்றைக் கழிவறை ஒன்றை யார் வேண்டுமானாலும் போகலாம் என்று அறிவியுங்கள். அவருக்கு மட்டும் ஒதுக்கினால் அது ஒதுக்கல்தான். சீருடையும் அவர் தேர்வு. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் அந்த ஊழியரைச் சமையலறைக்குள் மறைக்காதீர்கள். "இவர்தான் உங்களுக்குப் பரிமாறுவார்" என்று மேனேஜர் ஒருமுறை சொன்னால் போதும்.

ஜவுளிக் கடையில் பெண்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள். உட்கார வைத்தால் வாடிக்கையாளர் மதிப்பாரா?

தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வைப்பதைக் கட்டாயமாக்கியது. ஸ்டூல் வாங்கி மூலையில் அடுக்கி வைத்திருக்கும் கடைகள் உண்டு. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்றால் ஸ்டூல் இருந்தும் பயனில்லை. கவுன்ட்டருக்கு இரண்டு, கைக்கெட்டும் தூரத்தில்.

மகப்பேறு விடுப்பு 26 வாரம். இரண்டு குழந்தை இருப்பவருக்கு 12 வாரம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் உரிமை உண்டு. மாலை 7க்குப் பிறகும் காலை 6க்கு முன்பும் பெண்களை வேலைக்கு வைக்க அவர்கள் சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும். கடைசி டவுன் பஸ் போன பிறகு பள்ளத்தூருக்கோ கோட்டையூருக்கோ எப்படிப் போவார் என்பதை ஷிஃப்ட் போடும்போதே முடிவு செய்யுங்கள்.

பழைய மேஸ்திரி புது ஆட்களோடு ஒத்துப்போக மறுக்கிறார். அவர் போனால் பட்டறையே நின்றுவிடும்.

அவருக்கும் அது தெரியும், பேரமே அதுதான். கூட்டத்தில் வைத்துக் கண்டிக்காதீர்கள். தனியே உட்கார்ந்து, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "செவ்வாய்க்கிழமை அவர் எடுத்த டம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னீர்கள்." மனத்தை மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டாம், வேலையிடத்தில் எப்படி நடக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். அடுத்தமுறை எழுத்தில். மூன்றாவது முறை விதிப்படி நடவடிக்கை. சாதி இழிவோ பாலியல் சீண்டலோ என்றால் இந்த மூன்று படி கிடையாது, முதல் முறையே நடவடிக்கைதான்.

அதே நேரம் அவர் ஒருவரையே நம்பியிருக்கும் நிலையை உடையுங்கள். அவர் கையில் மட்டும் உள்ள வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரைப் பழக்குங்கள்; பழக்குவதற்கு அவருக்கே தனிப் படி கொடுங்கள். வண்ணக் கலவை விகிதம் அவர் தலைக்குள் மட்டும் இருக்கிறதென்றால் அது உங்கள் தொழிலின் ஓட்டை, இந்தப் பிரச்சினை இல்லாவிட்டாலும்.

முன்னேற்றம் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

"புகாரே இல்லை" என்பது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரிடம் சொல்வதென்று தெரியாத இடத்திலும் புகார் வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு கணக்குப் பாருங்கள். சேர்ந்து 90 நாளுக்குள் போனவர்கள் யார் யார். ஓவர்டைம் யாருக்குப் போனது. டிப்ஸ் எப்படிப் பிரிந்தது. கீழ் வேலையிலிருந்து மேல் வேலைக்கு யார் ஏறினார். ஹோட்டலில் டிப்ஸ் பரிமாறுபவர் பையிலேயே நின்றுவிடுவதுதான் வழக்கம். பெட்டியில் போட்டு, அறை துடைப்பவர், பாத்திரம் கழுவுபவர் உட்பட வேலை செய்த நாட்கணக்கில் பிரிக்கச் சொன்னால் முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும்.

அறிவிப்புப் பலகையில் என்னென்ன இருக்க வேண்டும்?

உள்ளகக் குழுவினரின் பெயர், போன் எண், பாலியல் துன்புறுத்தலுக்கு என்ன தண்டனை என்ற வரி, சமவாய்ப்புக் கொள்கை, திருநங்கை, மாற்றுத்திறனாளி விஷயங்களுக்குப் பொறுப்பாளர் பெயர், விடுமுறைப் பட்டியல், துப்புரவுச் சுழற்சி. பெண்கள் உதவி எண் 181, வன்கொடுமைப் புகார் எண் 14566. தமிழில் பெரிய எழுத்தில், கூடத்தில் பேசும் மற்ற மொழிகளிலும். முதலாளி அறைக்கு வெளியே மாட்டினால் அங்கே நின்று வாசிக்க யாருக்கும் தைரியம் வராது. பெண்கள் கழிவறைக்குப் போகும் வழியில் ஒன்று, சாப்பிடும் இடத்தில் ஒன்று. உறுப்பினர் வேலையை விட்டுப் போனால் பெயரை அன்றைக்கே மாற்றுங்கள்.